மணமகள் அறையில் ஒரு போத்தல் ஈ

என் ஆராய்ச்சிக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு போத்தல் பழ ஈ. மற்றவை முந்தைய மின்வெட்டில் செத்துவிட்டன. இவற்றின் மரபணுவில் ஓரிடத்தில் சின்னப் பிசகு. அதனால் நரம்புக்கு வேண்டிய ஒரு நொதி குளிரில் ஒழுங்காக வேலை செய்யும். சூடு ஏறினால் உருக்குலைந்து நின்றுவிடும். ஈ அப்படியே விழும். உடனே குளிர்த்தினால் எழும்பும், பிந்தினால் எழும்பாது. இதை யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்க்க வெளிக்கிட்டது என் தலைவிதி.

அக்காவின் கலியாணத்தன்று பல்கலைக்கழகத்தில் பகல் முழுக்க மின்சாரம் இல்லை என்றார்கள். நெல்லியடியில் நாங்கள் எடுத்த மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தது, மணமகள் அறையில் ஏசியும் இருந்தது. போத்தலை அங்கே அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டேன். பெண்ணின் தம்பிதானே மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் கால் கழுவி, அவர் போட்ட மோதிரத்தோடு மணவறையில் பக்கத்தில் அமர்ந்தால், தாலி ஏறும்வரை எழும்பக்கூடாது.

நான் அப்படி இருக்கும்போது அக்கா கூறைச்சேலை மாற்றிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். பின்னால் வந்த அம்மா என் காதில் குனிந்தார்.

"நகையெல்லாம் பத்திரம், அறையைப் பூட்டிப்போட்டன். ஆருமில்லாத அறைக்கு ஏன் ஏசி? அதையும் நிப்பாட்டிப்போட்டன்."

"ஐயோ அம்மா, திறப்பைத் தாங்கோ!"

"தம்பி, ஆடாமல் இரும்," என்றார் ஐயர்.

மேளச் சத்தத்தில் அம்மாவுக்கு நான் சொன்னது கேட்கவில்லை, போய்விட்டார். முன்னால் ஓமத்தீ. எழும்பி ஓடினால் அபசகுனம் என்று அக்காவை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். ஐயர் மீது, மாப்பிள்ளை மீது, ஒவ்வொரு மந்திரத்தின் மீதும் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருட உழைப்பு அந்த அறைக்குள் வெந்துகொண்டிருந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது அழுதேவிட்டேன்.

தாலியோடு திரும்பிய அக்கா அதைக் கண்டாள். அவள் கண்ணும் நிரம்பியது.

"அழாதை தம்பி. லண்டன் என்ன தூரமே? வருவன்தானே."

"ஓம் அக்கா," என்றேன்.

சனமெல்லாம் அறுகரிசி தூவி வாழ்த்தி முடிந்த பிறகுதான் திறப்பு கிடைத்தது. ஈக்கள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. ஏசியைப் போட்டுவிட்டு, ஒன்றாவது காலை அசைக்காதா என்று போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே யார் யாரோ விடைபெறும் சத்தம் கேட்டது. ஓர் ஈயும் எழும்பவில்லை.

நான் வெளியே வந்தபோது மாப்பிள்ளை வீட்டுக் கார் போய்விட்டிருந்தது. அம்மா வாசலில் தனியாக நின்றார்.

"உன்னைக் கூப்பிட வந்தனான். உன்ரை அக்காதான் மறிச்சவள். 'அவன் உள்ளுக்கை நிண்டு அழுறான், கூப்பிடாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டு ஏறினாள்."