விரல்நகத்தில் ஒரு வாவி

கல்லடி ஊரில் செசீலியா செய்துகொடுத்த கல்யாணப் பட அல்பத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பார்கள். தாள் பாரமில்லை, கணினியில் அவள் ஏற்றிய ரோசாப்பூவும் அன்னமும் மேகமும்தான் பாரம். ஒரு மாப்பிள்ளையின் சங்கிலிக்கு அவள் பூசிய மஞ்சளைப் பார்த்து, தட்டார் ஒருவர் உரைகல்லோடு வந்தாராம். முழுப்பொய் இல்லை, முக்கால்தான்.

அந்தப் பழக்கம் கடல் ஊருக்குள் வந்த வருடம் ஒட்டிக்கொண்டது. சேற்றிலிருந்து பொறுக்கிய படங்களைச் சனங்கள் அவளுடைய ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். அழிந்துபோன பாதியை அவள் பூவால் நிரப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒரு படத்தில் வெறும் இடத்தைக் கண்டால் அவளுக்குக் கை பொறுக்காது.

சண்டை ஓய்ந்து சில வருடங்களில், கொழும்பில் படித்துவிட்டு வந்த ஜசிந்தன், வாவி மீன் விலையைக் கைபேசியில் காட்டும் செயலி ஒன்றைச் செய்தான். அதைத் திறக்கத் தொடுகிற சின்னப் படத்தை வரையும் வேலை செசீலியாவுக்கு. தன் படம் ஊரார் சட்டைப்பையெல்லாம் ஏறப்போகிறது என்று கோயில் வாசலில் அவள் பறைசாற்றியும் விட்டாள்.

பாலம், பூரண நிலா, தோணி, வலை வீசும் ஆள், வாவியில் பாடுவதாக ஊர் சொல்லும் மீன் வாய் திறந்தபடி, நாலு பக்கமும் பொன் கரை. கணினித் திரையில் படம் தேர்போல நின்றது. ஜசிந்தன் கைபேசியில் ஏற்றினான். விரல்நகத்தளவுக்குச் சுருங்கியது.

“என்னக்கா இது, சொதி சிந்தின மாதிரி?”

“வடிவாப் பாருங்க தம்பி. பாலம் தெரியல்லயா?”

“பாலத்த நிலா முழுங்கிட்டு. ஒண்ட வெச்சிட்டு மத்ததெல்லாம் எடுங்க. நாளைக்குக் காலையில சந்தையில திறப்பு. இல்லாட்டி கொழும்பில இருந்து வந்த நங்கூரப் படத்தத்தான் போடணும்.”

“வாவித் தோணிக்கு என்னத்துக்குத் தம்பி நங்கூரம்?”

அவன் போனபின் வலையை எடுத்தாள், பாலத்தை எடுத்தாள். ஒரு மூலை வெறுமையானதும் கை தானாக ரோசாப்பூவைத் தேடியது. கடைசியில் மீன் மட்டும் மிஞ்சியது. சிறுத்ததும் அது கத்தரிக்காய் ஆனது. ஊர்வாய்க்கு என்ன பதில் சொல்வது என்று கண் கலங்க வாசலில் வந்து நின்றாள்.

வாவிக்கரை வீதியின் தொங்கலில், தூரத்துக் கோடியில், ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது. ஆள் நகத்தளவு, முகம் தெரியவில்லை. ஆனால் கைபிடியில் தொங்கியது தெரிந்தது: ஓலை ஈர்க்கில் செவுளால் கோத்த இரண்டு மீன். புருசன் டொமினிக்தான்; இன்றைக்குக் கறி உண்டு. இவ்வளவு தூரத்தில் எப்படித் தெரிந்தது? மீனுக்குப் பின்னால் வெறும் நீலத் தண்ணீர், வேறொன்றும் இல்லை.

அவர் இறங்குமுன்னே மீனைப் பறித்துக்கொண்டு கணினியடிக்கு ஓடினாள்.

“என்ன புள்ள, கறிச்சட்டி அதுக்குள்ளயா இருக்கு?”

“சும்மா நில்லுங்க. மீன் காயப்போகுது.”

நீலத்தின்மேல் ஈர்க்கில் தொங்கும் இரண்டு மீன். சுற்றிலும் வெறுமை. கை மறுபடி பூவுக்குப் போகப் பார்த்தது. அதைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் குந்தினாள்.

டொமினிக் எட்டிப் பார்த்தார். “மறுகா, அப்ப நான் எங்க?”

“உங்கள வெட்டிட்டன்.”

“எனக்குப் பதிலா ஒரு ரோசாப்பூவாவது போடன்.”

“வேணாம். அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்.” சொன்ன பிறகுதான் அது தன் வாயில் வந்த சொல் என்று அவளுக்கே உறைத்தது.

காலையில் சந்தையில், மீன் வாங்க வந்த உம்மு குல்தூமிடம் ஜசிந்தன் கைபேசியை நீட்டினான். எதைத் தொடுவது என்று அவன் சொல்ல வாயெடுக்குமுன் அவள் விரல் மீனில் போய் நின்றது.

“திரளி மீன்தானே? கொஞ்சம் காஞ்சி போச்சி” என்றாள்.

நங்கூரம் கொழும்புக்கே திரும்பியது. அந்தக் கைபேசியின் பின்னாலேயே சந்தைப் பூனை அடுத்த ஊரான ஆரையம்பதி வரை நடந்தது என்று செசீலியா சொல்வதைத்தான் ஊரார் இன்னும் நம்புகிறார்கள் இல்லை.