மீட்டர் மாற்ற மறுத்த காரணம்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் தனியாகக் குடியிருந்தேன். காலண்டர் அச்சகத்துக்குப் பிழை திருத்துவது தொழில். தாள்களை வீட்டுக்கே கொண்டுவந்து திருத்துவேன். ஊரெல்லாம் இந்த வருடத்தில் இருக்கும்போது நான் மட்டும் அடுத்த வருடத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஊருக்கெல்லாம் முகூர்த்த நாள் சரிபார்த்துக் கொடுத்த எனக்கு நாற்பத்தோரு வயதாகியும் ஒரு முகூர்த்தமும் வாய்க்கவில்லை. பிழை எந்தப் பக்கத்தில் என்று இன்னும் அகப்படவில்லை.

காலையில் வேன் வந்து தெருவையே அள்ளிக்கொண்டு பட்டாசு கம்பெனிகளுக்குப் போய்விட்டால், சாயங்காலம் வரை நானும் நாய்களும்தான். நாய்களும் என்னைச் சட்டை செய்யாது. என் கதவைத் தட்டுகிற ஒரே மனிதர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு ரீடிங் எடுக்க வருபவர். மீட்டர் அடுப்படி வாசலுக்கு மேலே இருட்டில் இருந்தது. ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துத்தான் எண்ணைப் பார்க்க வேண்டும். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். ஆடாத ஸ்டூல்தான். அவர் இறங்கி வெள்ளை அட்டையில் எழுதுவதற்குள் கலர் சோடாவைத் திறந்து கையில் கொடுத்துவிடுவேன்.

"இன்னும் நாப்பது வீடு கெடக்கு அண்ணாச்சி," என்பார், குடித்துக்கொண்டே.

"அங்கன எல்லாம் ஸ்டூல் பிடிக்க ஆளு இருக்கா சார்?"

"எங்க! ஸ்டூலு ஆடுறதை வேடிக்கையில்ல பாக்காக."

பத்து நிமிடம் பேசுவார். மகளுக்குக் கணக்கு வராததைச் சொல்வார், என் தொப்பையைக் கிண்டலடிப்பார். அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டிவிடுவேன்.

அப்போதுதான் பழைய மீட்டர்களை எடுத்துவிட்டு டிஜிட்டல் மீட்டர் மாட்டப்போவதாக நோட்டீஸ் வந்தது. வெளிச்சுவரில் மாட்டுவார்களாம். தெருவில் நின்றே ரீடிங் எடுத்துவிடலாமாம், வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவே இல்லையாம். வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். உடனே, 'மேற்படி மீட்டரை மறுக்கிறேன்' என்று மனு எழுதிப் போட்டேன். ஒரு பிழை கிடையாது. பதிலும் கிடையாது.

பூட்டிய வீட்டில் மாட்ட மாட்டார்கள் என்று ஒரு யோசனை தோன்றியது. ஆட்கள் வரும் நாளன்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்து, வெளியே பூட்டிவிட்டு ஜன்னல் வழியாகத் தரச் சொன்னேன்.

"உள்ள வச்சா பூட்டணும்? போலீசு எதும் தேடுதாண்ணே?"

"கரண்டு ஆபீசு தேடுது. பூட்டும்மா."

பூட்டினாள். வேன் ஹாரன் அடித்தது. சாவியோடு ஓடி ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஃபேனை நிறுத்திவிட்டு, மூச்சையும் பாதி நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பூட்டிக் கெடக்குய்யா," என்றது ஒரு புதுக்குரல். மீட்டர் மாட்ட வந்த போர்மேன்.

அடுத்த குரல் எனக்குத் தெரிந்தது. ரீடிங் எடுப்பவர் வீடு காட்ட வந்திருக்கிறார்.

"இந்தக் கதவு பூட்டி நான் பாத்ததே இல்ல சார். சந்தோசமா இருக்கு. அவருக்கும் போய்ட்டு வர ஒரு வீடு இருக்கு பாருங்க."

அதைத்தான் தாங்க முடியவில்லை. ஜன்னலைத் திறந்தேன்.

"உள்ளதான் இருக்கேன் சார்."

இருவரும் பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சாவி எங்க அண்ணாச்சி?" என்றார் ரீடிங் எடுப்பவர்.

"ஏழாயிரம்பண்ணையில."

சிரித்து ஓய்ந்தபின் போர்மேன் சொன்னார். "மனு போட்டது நீங்கதானா? மீட்டரு எங்களோடது, அத வேண்டாம்னு சொல்ல முடியாது. சுவரு உங்களோடது. உள்ளயே மாட்டணும்னா காரணத்தோட ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, முடிஞ்சுபோச்சு. இதுக்கா உங்களுக்கு நீங்களே ஜெயிலு போட்டுக்கிட்டீக?"

"காரணம் என்னன்னு எழுத?"

"எதையாச்சும் எழுதுங்க. வெளிய மழைத்தண்ணி படும்னு எழுதுங்க."

மழை எட்டிப் பார்க்காததால்தான் எங்கள் பக்கம் பட்டாசே செழித்தது. அந்தப் பொய்யை எழுத, பிழை திருத்திப் பழகிய கை ஒப்பவில்லை. 'ரீடிங் எடுப்பவர் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதற்காக' என்று எழுதிக் கம்பி வழியாக நீட்டினேன். போர்மேன் சத்தமாகவே வாசித்தார். வாசித்து முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. ரீடிங் எடுப்பவர் தன் பையின் ஜிப்பை இழுத்தார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

சாயங்காலம் வேன் திரும்பிய பிறகுதான் எனக்கு விடுதலை. மறுநாள் புது மீட்டரை வீட்டுக்குள்ளேயே, கண் உயரத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் வந்தார். எண்ணைக் குறித்துக்கொண்டு, நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். சோடாவை மடக்கு மடக்காக, நேரம் எடுத்துக் குடித்தார்.

"சாப்பிட்டீகளா? சொந்தக்காரக யாரும் வந்து பாக்குறாகளா அண்ணாச்சி?"

ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற குரல் அது. அரை மணி நேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை. நிலைமையைச் சகஜமாக்க ஒரு நகைச்சுவைத் துணுக்கை எடுத்துவிட்டேன்.

சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு முன்பே சிரித்துவிட்டார்.