சகாயம் மிஸ்ஸி சொல்லாத பதில்

எங்கள் மனநலத் துறையின் ஆங்கிலச் செய்தி மடலுக்குப் பணியாளர் சாதனைப் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மூத்த தாதி சகாய மேரி இவ்வாண்டின் சிறந்த சமூகச் சேவையாளராகத் தேர்வு பெற்றிருக்கிறார் என்ற வரியை முடிக்கும்போது தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிய குமாஸ்தா ஹஸ்னா என் பக்கம் திரும்பி, மிஸ்ஸி போய்விட்டார் என்று மலாயில் மெல்லச் சொன்னார். மாரடைப்பு. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது. நான் அந்த வரியின்மேல் வெள்ளை மை பூசி, காய்ந்த பிறகு இறந்த காலத்தில் அடித்தேன்.

மடலில், நாம் எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிட்ட அந்தத் தாதிக்கு அரைப் பக்கம் கிடைத்தது. பெற்ற விருதுகள், பணியாற்றிய ஆண்டுகள், ரப்பர்த் தோட்டங்களுக்குப் போகும் நடமாடும் மருந்தக வேனைத் தொடங்கியவர் என்ற குறிப்பு. எழுதியவள் நான்தான். இப்போது துறையின் தமிழ் ஊழியர்கள் ஒரு சிறு மலர் போடுகிறார்கள். அந்த வேனுக்காகக் காத்திருந்த நீங்கள்தான் இதை வாசிப்பீர்கள். உங்களிடம் அந்த அரைப் பக்கத்தையே திருப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் வேனின் பின்னிருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் போய் வருவேன். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அங்கே நன்றாகப் பழகிக்கொண்டது வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான். ஒருநாள் மிஸ்ஸி முன்னிருக்கையிலிருந்து திரும்பினார்.

"என்ன பிள்ளை, பட்டம் குடுக்கறப்போ நாக்க வாங்கி வெச்சிக்கிட்டாங்களா?"

ஓட்டுநர் காதர் அண்ணன் விட்டுவைக்கவில்லை. "உங்க நாக்கயும் கொஞ்சம் வாங்கி வெச்சிருந்தா வேனு நிம்மதியா ஓடும்லா, மிஸ்ஸி."

மூவரும் சிரித்தோம். அந்த வேனில் என் குரல் முதன்முதலாகக் கேட்டது அந்தச் சிரிப்பில்தான்.

அவர் மருந்து கொடுக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரசர் மனநோய் மாத்திரைகளை மட்டும் பழைய பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுப்பார். பெண்கள் அதை மடியில் செருகிக்கொண்டு பின்வழியாகப் போவார்கள். மிஸ்ஸி வந்த நாளிலிருந்து பேப்பர் நின்றது. சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண் மாத்திரையை முந்தானைக்குள் மறைத்தபோது, "இருமல் மருந்தயும் இப்படித்தான் ஒளிச்சு எடுத்துட்டுப் போவியா? கையில புடிச்சிட்டு நட" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். வரிசையில் நின்ற ஒரு தாத்தா, "மிஸ்ஸி, எம் பொண்டாட்டி வாய் ஓயறதுக்கு ஒரு மாத்திர இருக்கா?" என்றார். "அதுக்கு ஒங்களுக்குத்தான், பெரியப்பா, மருந்து. காதுக்குப் பஞ்சு தர்றேன்." சிரிப்பு அடங்கியபோது அந்தப் பெண் மாத்திரையைக் கையில் பிடித்தபடியே பெரிய சடக்கில், எல்லோரும் பார்க்கும் சாலையில், நடந்து போய்க்கொண்டிருந்தாள். அன்று அவரை நான் முழுதாக நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் என் அக்காவை அவரிடம் அழைத்துப் போனேன்.

தனம் அக்கா எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுபவள். ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தூக்கம் போனது. நெரையில், தான் வெட்டும் மர வரிசையில், மரத்துக்கு மரம் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னாள். மிஸ்ஸி அவளை மருத்துவரிடம் சேர்த்தார், மாத்திரை தொடங்கியது, சில மாதங்களில் குரல்கள் நின்றன. இரண்டு வருடம் அக்கா ஒருநாளும் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குத் தாமதமாகப் போனதில்லை. பாக்கார் ஆராங்கில் ஒரு மாப்பிள்ளையும் அமைந்து, கல்யாணப் பேச்சு முடிவாகியிருந்தது.

அப்போது துறைத்தலைவரும் பத்திரிகைக்காரர்களும் எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு வருவதாக இருந்தது. குணமான ஒருவர் மேடையேறிப் பேச வேண்டும் என்றார் மிஸ்ஸி. "ஒருத்தர் சொன்னா போதும் தனம். அதுக்கப்புறம் யாரும் ஒளிக்க மாட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பிறகு அவரிடமே கேட்டாள்: "நீங்களா இருந்தா சொல்வீங்களா, மிஸ்ஸி?"

"தலைய நிமித்திச் சொல்வேன்."

அக்கா பேசினாள். நான்கே வாக்கியங்கள். கைதட்டல் நீண்டது. படம் எங்கள் செய்தி மடலின் முதல் பக்கத்தில் வந்தது. கீழிருந்த விளக்கத்தை எழுதியவளும் நான்தான்.

அந்த வாரமே மாப்பிள்ளையின் அத்தை வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பொண்ணுமேல ஒரு கொறயும் இல்ல. ஆனா மேடையில ஏறிச் சொல்லிருச்சே. சொல்லாம இருந்திருந்தா நாங்களும் தெரியாதவங்களா இருந்திருப்போம்" என்றார். அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் அக்காவின் பெயரைப் பால்வெட்டு வரிசையில் வாசிக்கவில்லை. வெளிக்காட்டு வேலைக்கு, புல் வெட்டும் கூட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறவள் கையில் பால்வெட்டுக் கத்தி இருக்கக் கூடாதாம்.

"கத்திய வாங்கிட்டு மம்பட்டியக் குடுத்திருக்கானுங்க. மம்பட்டி என்ன, பூவா?" என்று அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு அறைக்குள் போனவள் அன்று சாப்பிட வரவில்லை.

செய்தி கேட்டதும் மிஸ்ஸி வந்தார். அதை மறைத்தால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். தோட்டத்து அலுவலகத்தின் பெஞ்சில் மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்து, வேலைக்கணக்கு எழுதும் கிராணியைப் பார்த்தார். நானும் கூட இருந்தேன். கிராணி முரடர் அல்ல, பயந்தவர்.

"ஒண்ணு கேக்கறேன், மிஸ்ஸி. இந்த மாத்திரய வருஷக்கணக்கா சாப்பிட்டுக்கிட்டு, கூரான சாமான கையில புடிச்சு, ஒரு கோளாறும் இல்லாம வேல செய்யிற ஒரு ஆளக் காட்டுங்க. நான் மேனேஜர்கிட்ட பேசறேன்."

மிஸ்ஸி மேசைமீதிருந்த செக்ரோலை, தொழிலாளர் பெயர்ப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பொறுப்பு ஏத்துக்கறேன்" என்றார்.

"பொறுப்பு வேணாம். ஆளக் காட்டுங்க."

வேனுக்குத் திரும்பும்போது அவர் என்னை விட்டு முன்னால் வேகமாக நடந்தார். எங்களுக்காக மனம் நொந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இறந்து ஒன்பதாம் நாள் பாக்கார் ஆராங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் அந்தோணி சார், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து ஒரு வைட்டமின் போத்தலை எடுத்து, "மீந்த மருந்த வீட்டுல வெச்சிருக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்வா. இத எங்க திருப்பிக் குடுக்கறதும்மா?" என்று கேட்டார்.

உள்ளே இருந்தவை வைட்டமின்கள் அல்ல. இத்தனை வருடமாக ஒவ்வொரு மாதமும் நான் அக்காவுக்கு எடுத்துப் போகும் அதே மாத்திரைகள்.

"பதினோரு வருஷம்" என்றார் சார். "பட்டர்வொர்த்துல ஒரு டாக்டர். அங்க இவள மிஸ்ஸின்னு யாருக்கும் தெரியாது. எனக்கு முதல்லேருந்தே தெரியும். எங்கம்மாவுக்குக்கூட நாங்க சொல்லல."

நான் கேட்ட கேள்வி எனக்கே கடுமையாகக் கேட்டது. "எங்கக்காவ மட்டும் ஏன் சார் மேடையேத்துனாங்க?"

அவர் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "ஒங்க ஆபீசுக்குத் தெரிஞ்சா ஊசி போடற வேலையில இருந்து தூக்கிடுவாங்கன்னு பயந்தா."

எங்கள் ஆபீஸ் ஒரு மனநலத் துறை. அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது, பயிற்சி மருத்துவர் ஒருவர் மனச்சோர்வுக்காக ஒரு மாதம் விடுப்பெடுத்தது நினைவுக்கு வந்தது. தேநீர் அறையில் ஒருவர், "டாக்டர் கோட்டக் கழட்டிட்டு நோயாளி கட்டில்ல படுத்துட்டாராம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மிஸ்ஸி எழுந்து போய்க் கோப்பையைக் கழுவினார். நான் சாரிடம் விடைபெற்றேன்.

பேருந்தில்தான் எனக்கு முழுதாக உறைத்தது. அன்று கிராணி கேட்ட ஆள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடம் அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு தினமும் ஊசி பிடித்த தாதி. "நான்தான் அந்த ஆள்" என்று அவர் சொல்லியிருந்தால் என் அக்காவுக்குக் கத்தி திரும்பக் கிடைத்திருக்கலாம். அவர் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். அக்காவின் வேலை போனது.

இரண்டு வாரம் இதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்ன நாளில் அவள் வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிப் பிடிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்னய ஏத்திவிட்டுட்டு அவங்க கீழ நின்னு கைதட்டுனாங்களா?"

"ஆமாக்கா."

ஆப்பை எடுத்துப் பிடியில் மறுபடி பொருத்தினாள். பிறகு கேட்டாள்: "விடாம சாப்பிட்டாங்களாமா?"

"சார் சொன்னாரு, ஒருநாள்கூட விட்டதில்லையாம்."

"அது ஒண்ணாவது ஒழுங்கா செஞ்சாங்க." இரண்டு அடி அடித்தாள். "எழுதப் போறியா?"

"சாரைக் கேக்கணும். ஒன்னையும் கேக்கணும்."

"எழுது. எம் படத்தப் போட்டப்போ பேரு ஊருல்லாம் போட்டீங்கல்ல? அதே மாதிரி அவங்களுக்கும் போடு. என் பேரப் போட்டுட்டு அவங்களத் திருப்பியும் ஒளிக்காத."

சார் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பிறகு தொலைபேசியில், "அவ இருந்தா ஒத்துக்க மாட்டா. நான் ஒத்துக்கறேன், எழுதும்மா" என்றார்.

ஆகவே இங்கே இருவர் பெயர்களும் இருக்கின்றன. சகாயம் மிஸ்ஸியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாக எழுதினால் இந்த மலருக்கு அழகாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. அவர் பயந்ததற்கு எங்கள் துறையும், தேநீர் அறையில் சிரித்த நானும் காரணம் என்பதும் எனக்குத் தெரியும். அது தெரிந்தும் கோபம் குறையவில்லை.

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை எங்கள் தோட்டத்துக் கிராணியிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாய் திறந்து பேச எனக்கு இன்னும் கூச்சம்தான். ஆனாலும் இந்தப் பக்கத்தை விரித்து மேசைமேல் வைத்து, நீங்கள் கேட்ட ஆள் இவர்தான் என்று சொல்வேன். பதினொரு வருடம் இதே மாத்திரை, தினமும் கையில் ஊசி, ஒரு கோளாறும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பதில் ஒன்றுதான். அதை அவர் தானே சொல்லியிருக்க வேண்டும்.