பொம்மைப் படத்துக்கு எத்தனை பேர்?

ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் முத்துமீனாள் தியேட்டரில் ஜோதிமேரி டிக்கெட் கொடுக்க உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. தங்கச்சிமடத்திலிருந்து காலையில் பஸ் ஏறி வருவாள். மேட்னிக்கு டிக்கெட் கொடுத்து முடித்ததும் அடுத்த ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு படத்தைக்கூட அவள் முழுசாகப் பார்த்ததில்லை. "கவுன்டர்ல உக்காந்தா சத்தம் கேக்கும்ல. அதுலயே கதை தெரிஞ்சுரும்" என்பாள்.

அவள் பேர் தியேட்டர் வட்டாரத்தில் பிரபலமானது படம் பார்த்ததற்காக அல்ல, ஆள் கணித்ததற்காக. காலை ஒன்பதரை மணிக்கு வந்து கைப்பையை வைப்பாள். வெளியே ஒரு நடை நடந்து, பரமக்குடி பஸ்ஸிலிருந்து யார் யார் இறங்குகிறார்கள், இன்று விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளா, நயினார்கோவில் பக்கம் அறுவடை ஓடுகிறதா, முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டு வந்து, "இருநூத்திப் பத்து" என்பாள். அன்றைக்கு இருநூற்றியெட்டுப் பேர் வருவார்கள். மிஞ்சிப் போனால் இருநூற்றுப் பதினான்கு.

கேன்டீன் நடத்தும் பாக்கர் அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் மாவையே பிசைவார். தியேட்டர் முதலாளி காளிதாஸ், நயினார்கோவில் பக்கத்து நிலக்காரர். மிளகாய்க் காட்டில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூடத் தியேட்டரில் காட்டாதவர். அவரே பெருமையாகச் சொல்லுவார்: "வானிலை ஆபீஸ்காரன் நம்ம ஜோதிகிட்ட வந்து ரெண்டு மாசம் படிச்சுட்டுப் போகணும்."

அந்தப் பெருமைக்கு முதல் அடி ஜப்பானிலிருந்து வந்தது.

ஒரு வாரம் பெரிய படம் எதுவும் இல்லை. விநியோகஸ்தர் போன் செய்து, "அனிமே படம் ஒண்ணு இருக்கு, ஒரு வாரம் காலைக் காட்சி ஓட்டிக்கிடுங்க" என்றார். படத்தின் பெயர் தீப்பறவை. போஸ்டரில், சிவப்பு முடி நட்டுக்கொண்டு நிற்க, கண் இரண்டும் இட்லித் தட்டுக் குழி மாதிரி இருக்க, ஒரு பையன் வாளை ஓங்கிக்கொண்டிருந்தான். ஜோதிமேரி போஸ்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட நாள்.

"பொம்மைப் படம். பன்னெண்டு பேரு" என்றாள்.

பாக்கர் ஆறு முட்டை பஃப்ஸ் போட்டார்.

பத்து மணிக்கு முதல் கூட்டம் இறங்கியது. பிறகு அடுத்தது. பிறகு நிற்கவே இல்லை. கல்லூரிப் பையன்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள், அவள் தெருவிலேயே இருக்கிற படகுக்காரப் பயல்கள். கடலுக்குப் போகாத நாளில் மத்தியானம்வரை தூங்குகிற கூட்டம் அது, குளித்துத் தலைசீவி வந்து வரிசையில் நின்றது. ஏர்வாடியிலிருந்து வந்திருந்த மின்ஹா என்ற கல்லூரி மாணவி, கறுப்பு புர்காவுக்கு மேல் ஆரஞ்சுத் துணியில் இறக்கை தைத்துப் போட்டிருந்தாள். கையில் அட்டை வாள். அதைக் கவுன்டர் ஓட்டைக்குள் நீட்டாத குறையாகக் குனிந்து கேட்டாள்.

"ஆன்ட்டி, டப்பா சப்பா?"

"டப்பாவெல்லாம் கேன்டீன்ல கேளு தாயி."

"இல்ல ஆன்ட்டி. படம் டப்பா, சப்பா?"

"படம் சப்பையா இல்லையான்னு பாத்துட்டு நீயே சொல்லு" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள் ஜோதிமேரி.

நானூற்று முப்பது இருக்கையில் முந்நூற்று எண்பத்தாறு நிறைந்தது. இடைவேளையில் பாக்கர் ஆறு பஃப்ஸ் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஆறு பஃப்ஸ வச்சு நானூறு பேருக்குக் குடுக்கணுமா? அந்த அற்புதமெல்லாம் உங்க ஏசுநாதர்தான் செய்வாரு. நான் பாவம், கேன்டீன்காரன்."

அன்றைக்கு இன்னொரு கூத்தும் நடந்தது. நயினார்கோவிலிலிருந்து முருகலட்சுமி என்ற பெண், பொம்மைப் படம்தானே என்று தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்துக் கூட்டி வந்திருந்தாள். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ஒரு தலை உருண்டது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். அவை இரண்டும் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, உள்ளே போகணும் என்று ஊரைக் கூட்டின. வேறு வழியில்லாமல் திரும்பப் போனாள். படம் முடிந்து வந்தவளிடம் ஜோதிமேரி, "புள்ளைக பயந்துருச்சுகளா?" என்று கேட்டாள்.

"அதுக எங்க பயந்துச்சு? நான்தான் ரெண்டு மணி நேரமா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். என்ன ஆச்சுன்னு சின்னவன்தான் சொல்லிக்கிட்டே இருந்தான்."

ஒரு மாதம் கழித்து இரும்புப்பூ என்று அடுத்த அனிமே வந்தது. பட்ட சூடு ஆறாத ஜோதிமேரி இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. "நானூறுக்குக் குறையாது. ஹவுஸ்புல்" என்றாள்.

பாக்கர் மைத்துனனை உதவிக்கு வரவழைத்து முந்நூறு பஃப்ஸ் போட்டார். காளிதாஸ் வெள்ளை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வாசலில் வந்து நின்றார். கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சவுக்குக் கம்பு கட்டினார்கள். ஸ்டேஷனில் சொல்லி மருதுபாண்டி என்ற கான்ஸ்டபிளையும் வரவழைத்திருந்தார்கள். அவர் லத்தியோடு வந்து கம்புக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர் வீடு எது என்று விசாரிக்க வந்தவர்.

கான்ஸ்டபிள் மிச்ச மூன்று பேரையும் வரிசையாக வரச் சொன்னார்.

ஜோதிமேரி அவமானத்தில் கவுன்டருக்குள் குனிந்து எதையோ தேடுவது மாதிரியே ஒரு மணி நேரம் ஓட்டினாள். கான்ஸ்டபிள் எட்டு பஃப்ஸ் சாப்பிட்டார். மிச்சத்தைப் பாக்கர் ஆட்டோவில் ஏற்றி ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டு போய் வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தார். "நேர்ச்சையா பாய்?" என்று அங்கே ஒருவர் கேட்டாராம். "ஆமா, இனிமே ஜோதிமேரி பேச்சக் கேக்கக் கூடாதுன்னு நேர்ச்சை" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

மின்ஹாவின் நம்பரைக் கேட்டு வாங்கி ஜோதிமேரி போன் செய்தாள்.

"ஏன்த்தா, அன்னைக்கு அம்புட்டுப் பேரு வந்தீக. இன்னைக்கு ஏன் ஒருத்தரும் வரல?"

"ஆன்ட்டி, இன்னைக்கு நீங்க டப் போட்டீங்க. சப் பாக்க எல்லாரும் மதுரைக்குப் போயிட்டோம். நான் இப்பவே மதுரையிலதான் இருக்கேன்."

அரை மணி நேரம் பேசிய பிறகுதான் விஷயம் விளங்கியது. டப் என்றால் தமிழில் பேசுவது. சப் என்றால் ஜப்பான் மொழியிலேயே பேசவிட்டுக் கீழே எழுத்துப் போடுவது. தமிழில் புரிகிற படத்தை விட்டுவிட்டுப் புரியாத படத்தைத் தேடி நூற்றுப் பத்து கிலோமீட்டர் போகிற ஜனத்தை ஜோதிமேரி அதுவரை கண்டதில்லை. இருந்தாலும் ஒரு காகிதத்தில் 'சப்' என்று எழுதி கவுன்டரில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது படத்துக்கு எல்லா ஏற்பாடும் முறையாக நடந்தது. உப்புக்குதிரை. சப் பிரதிதான் வேண்டும் என்று விநியோகஸ்தரிடம் அவளே அடித்துச் சொன்னாள். மின்ஹாவின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூற்றுத் தொண்ணூறு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். பொய் சொல்கிறவர்களுக்கு நாற்பதைக் கழித்துவிட்டு, "நூத்தம்பது" என்றாள் ஜோதிமேரி.

காளிதாஸ் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. "பத்துத் தலைக்குக் கீழ வந்தா காட்சி கேன்சல். ஏசி போடக்கூடாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஒரே ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். சவரம் செய்த முகம், தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பாம்பன்காரர், பெயர் சிலுவைமுத்து, விசைப்படகு டிரைவர்.

"அண்ணே, இது பொம்மைப் படம்" என்றாள் ஜோதிமேரி.

"தெரியும்த்தா. வலை விட்டுட்டு மூணு மணி நேரம் சும்மாதான கெடக்கோம். போட்ல பயலுக போன்ல இதான் ஓடும். தீப்பறவை பதினொரு சீசனும் பாத்தாச்சு. இந்த உப்புக்குதிரைய பெரிய திரையிலதான் பாக்கணும்னு ரெண்டு வருசமா காத்திருக்கேன்."

"ஜப்பான்காரன் பேசுறது புரியுமா?"

"நாப்பது வருசமா சிங்கள நேவிக்காரன் பேசுறதையே புரிஞ்சு போட்டத் திருப்பிக்கிட்டு வாரோம். இது என்ன பெரிய விசயமா?"

ஜோதிமேரி மின்ஹாவுக்குப் போன் போட்டாள். "ஏன்த்தா, நூத்தித் தொண்ணூறு பேரு கட்டவெரலக் காட்டுனீகளே?"

"ஐயோ ஆன்ட்டி, அதுக்கு வாரோம்னு அர்த்தமில்ல. மெசேஜைப் பாத்துட்டோம்னு அர்த்தம். இன்னைக்குக் காலேஜ்ல எக்ஸாம் வேற."

காளிதாஸ் வாசலில் நின்று, "கேன்சல்னு சொல்லி அனுப்பு" என்றார். சிலுவைமுத்துவுக்கு அது கேட்டுவிட்டது. அவர் சண்டை போடவில்லை. வாழைப்பழத்தை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு, "அப்ப அடுத்து எங்கன ஓடுதுன்னு மட்டும் சொல்லுங்க. போயிருவேன்" என்றார். தேய்த்த சட்டையோடு அப்படி அவர் கேட்டது ஜோதிமேரிக்குத் தாங்கவில்லை. இதுவரை அவள் கணக்கு தப்பியதெல்லாம் பஃப்ஸோடு போயிற்று. இன்றைக்கு ஒரு மனுஷன் நிற்கிறார்.

"மொதலாளி, பத்துத் தலைன்னுதான சொன்னீக? கொஞ்சம் இருங்க" என்று கவுன்டரை விட்டு இறங்கினாள்.

பாக்கரையும் அவர் மைத்துனனையும் இழுத்து வந்தாள். வண்டிகளுக்குச் சீட்டுக் கொடுப்பவரையும் கூட்டுகிற அம்மாவையும் கூப்பிட்டாள். பஃப்ஸ் மிச்சம் இருக்குமா என்று பார்க்க வந்த கான்ஸ்டபிள் மருதுபாண்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். வெளியே ஏர்வாடி பஸ்ஸுக்கு நின்றிருந்த இரண்டு பெண்களிடம், "உள்ள ஏசி இருக்கு" என்ற ஒரே வார்த்தைதான் சொன்னாள். சிலுவைமுத்துவோடு எட்டு ஆயிற்று.

"நீங்க ஒம்பது" என்றாள் முதலாளியிடம்.

"நானா? எங்க அப்பா இந்தத் தியேட்டரக் கட்டுனதுலருந்து நான் உள்ள உக்காந்ததே இல்ல."

"நானும்தான் உக்காந்ததில்ல. நான் பத்து."

கவுன்டரைப் பூட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஒரு கடற்கரைக் கிராமம். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு சின்னப் பெண். அவள் உப்பிலே ஒரு குதிரை செய்கிறாள், அதற்கு உயிர் வருகிறது. ஆனால் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். மழை வரும்போதெல்லாம் அந்தப் பெண் அதைப் பாயால் மூடி, தன் உடம்பால் அணைத்துக்கொண்டு நனைகிறாள். ஜோதிமேரிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தையும் அவளால் பிடிக்க முடியவில்லை. ஆனால் மழை இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் கூட்டுகிற அம்மா, "ஏ புள்ள, உள்ள கொண்டு போ, உள்ள கொண்டு போ" என்று கத்தினாள். ஏர்வாடி போக வேண்டியவர்கள் மூன்று பஸ்ஸை விட்டார்கள்.

கடைசியில் கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. பாறையில் மாட்டிக்கொண்ட தம்பியைக் காப்பாற்ற அந்தப் பெண் குதிரை மேல் ஏறிக் கடலுக்குள் இறங்குகிறாள்.

"குதிரை கரைஞ்சுருமாய்யா?" என்று காளிதாஸ் உடைந்த குரலில் கேட்டார்.

"பேசாம பாருங்க மொதலாளி" என்றார் சிலுவைமுத்து. அவர் வாழைப்பழத்தை உரிக்காமலே பிசைந்துவிட்டிருந்தார்.

விளக்குப் போட்டபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கான்ஸ்டபிள் தொப்பியை மூக்கு வரைக்கும் இறக்கிப் போட்டுக்கொண்டார். காளிதாஸ் துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு, "ஏசி ரொம்பக் கூட வச்சுட்டானுக" என்று திட்டினார். ஜோதிமேரி எழுந்திருக்கவே இல்லை. கவுன்டரில் கேட்கிற சத்தத்திலேயே கதை தெரிந்துவிடும் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறோம் என்று நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தீப்பறவை இரண்டாம் பாகம் தை மாசம் வந்தது. "எத்தன பேரு தங்கச்சி?" என்று பழக்கதோஷத்தில் பாக்கர் கேட்டார்.

"தெரியலண்ணே."

மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டார். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. விஷயம் கேள்விப்பட்டுக் காளிதாஸே மாடி ஆபீஸிலிருந்து இறங்கி வந்தார்.

"உடம்புக்கு என்னமும் செய்யுதா ஜோதி?"

"நல்லாத்தான் இருக்கேன் மொதலாளி. பெரிய ஹீரோ படம்னா சொல்லிருவேன். இந்தப் படத்துக்கு வர்ற ஜனம் எந்தக் கணக்குலயும் நிக்காது. எனக்கு இன்னைக்கு ஒரு நா லீவு குடுங்க. டிக்கெட்டும் ஒண்ணு குடுங்க."

கவுன்டரில் காளிதாஸே உட்கார்ந்தார். அன்று ஐம்பத்தேழு பேர் வந்தார்கள். அதில் பதினாறு பேர், முருகலட்சுமி நயினார்கோவிலிலிருந்து வேன் பிடித்துக் கூட்டி வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள். இந்தத் தடவை சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவளே கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தாள். மின்ஹாவின் இறக்கை பெரிசாகியிருந்தது. பின்வரிசைக்காரர்கள் திரை மறைக்கிறது என்று கத்தினதால், அதைக் கழற்றி ஜோதிமேரியின் மடியில் வைத்தாள்.

மத்தியானம் ராமேஸ்வரம் பஸ்ஸில் ஜோதிமேரிக்குப் பின்சீட்டில் சிலுவைமுத்து வந்தார். பாம்பன் பாலத்தில் ஏறுகிறவரைக்கும் இரண்டு பேருக்கும் வாக்குவாதம்.

"பறவை செத்துப்போச்சுண்ணே. நெருப்பு அணைஞ்சதப் பாத்தேன்ல."

"ஏத்தா, அணைஞ்சா செத்ததா அர்த்தமா? றெக்கை அசைஞ்சுச்சு. நல்லாப் பாத்தியா?"

"அது காத்துக்கு அசைஞ்சது."

டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் நின்றார். "தீப்பறவையா? அது சாகலக்கா. நான் மீதிக் கதையப் புத்தகத்துல படிச்சுட்டேன். என்ன ஆகுதுன்னா..."

"ஏய், சொல்லாதய்யா!" என்று சிலுவைமுத்துவும் ஜோதிமேரியும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் டிரைவர் பாலத்து நடுவில் பிரேக்கை மிதித்துவிட்டார்.