பௌரோவின் நாற்காலியில் கபுரோரோ

கபுரோரோ அரசியலுக்கு வந்தது தொண்டு செய்து அல்ல, கூச்சமில்லாமல் கேட்டு. எங்கள் தீவுகளில் உறவுக்காரன் ஒருவன் வந்து, பாயில் சம்மணம் போட்டு, புகையிலையை முன்னால் வைத்து "ஒரு புபுதி" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும். சட்டையானாலும் சரி, படகானாலும் சரி. மறுத்தவன் அப்புறம் ஊர்க்கூடத்தில் முகம் காட்ட முடியாது.

அந்தத் தேர்தலுக்கு ஊர் நிறுத்த நினைத்தது அவனுடைய பெரியப்பா மகன் பௌரோவை. மனு கொடுக்கக் கடைசி நாள் காலையில் கபுரோரோ புகையிலையோடு பௌரோ வீட்டில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒரு புபுதி."

"வலைதானே? கொல்லையில காயுது, எடுத்துட்டுப் போ."

"தொகுதி வேணும்ணே."

பௌரோ புகையிலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "பாவிப்பயலே, பல்லக் கேட்டிருந்தா இதவிடக் கொறஞ்ச வலியோட போயிருக்கும். எடுத்துக்க, போ."

அவன் மனைவி மெரெதினா அடுப்பருகே ஈரப்பலா சுட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கபுரோரோ ஜெயித்துத் தலைநகர் தராவாவுக்குக் கப்பலேறினான். அவன் பதவியேற்ற வாரமே, சூரை மீன் பிடிக்கப் போன பௌரோ திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. 'சபைக்குப் போயிருக்க வேண்டியவன் கடலுக்குப் போனான்' என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சபையில் முதல் தடவை எழுந்து "மாண்புமிகு சபாநாயகர் அவர்களே" என்று ஆரம்பிக்கப் போனபோது முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது. பௌரோவின் செருமலேதான்; பேசுவதற்கு முன் அவன் தொண்டையைச் சரிசெய்யும் அதே சத்தம். கபுரோரோ திரும்பிப் பார்த்தான். கடைசி வரிசை அது. பின்னால் சுவர்தான் இருந்தது.

அதிலிருந்து அவன் எழுந்தால் செருமல். பேச்சைக் குறைத்தான், நாட்டிலேயே சுருக்கமாகப் பேசும் உறுப்பினர் என்று பெயர் கிடைத்தது. ஒருமுறை அணி மாறினான். கொள்கை என்றார்கள் சிலர், மந்திரி பதவி என்றார்கள் பலர். உண்மையில் அந்தப் பக்க நாற்காலிக்குப் பின்னால் ஜன்னல் இருந்தது, அவ்வளவுதான். ஜன்னலும் செருமியது.

தொகுதிக்கு வந்தால் எல்லோரும் கேட்டார்கள். தகரக் கூரை, படகு எஞ்சின், தராவாவுக்கு டிக்கெட். கொடுத்தான். மெரெதினா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவன் அனுப்பிய அரிசி மூட்டைகள் பிரிக்காமலே தேவாலயத்துக்குப் போயின.

"ஏதாச்சும் கேளுங்களேன் அண்ணி," என்று ஒருநாள் கெஞ்சியே விட்டான்.

"எனக்கென்ன கொறச்சல் தம்பி? எதிர்லயே கடல் இருக்கு."

அன்று அவனால் மீனில் கைவைக்க முடியவில்லை.

நான்கு தேர்தல் இப்படியே ஓடியது. ஐந்தாவது வந்தபோது அவனுக்குப் போதும் என்றாகிவிட்டது. ஊர்க்கூடத்தில் பெரியவர்கள் முன்னால் எழுந்து, தான் விலகுவதாகவும் பௌரோவின் மூத்த மகனை நிறுத்தும்படியும் சொன்னான். கூடம் கைதட்டியது. செத்தவனின் பொருள் செத்தவன் வீட்டுக்கே போகிறது. இனி பௌரோ தன்னை விட்டுவிடுவான் என்று நினைத்தபோது கபுரோரோவுக்குப் பின்கழுத்து லேசானது.

அப்போது மெரெதினா எழுந்து வந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து புகையிலையை வைத்தாள்.

"தம்பி, ஒரு புபுதி."

கூடத்தில் விசிறிகள் நின்றன. கபுரோரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எதுவானாலும் கேளுங்க அண்ணி."

"நீ எறங்கக் கூடாது."

"அண்ணி... உங்க பையனுக்குத்தானே குடுக்கறேன்?"

"அவனுக்கு வேணாம். அவன் குரல் எங்கப்பா குரல், அவுங்கப்பா குரல் இல்ல." அவள் குனிந்தபடியே பேசினாள். "சபை நடக்கையில நான் ரேடியோவ மடியில வச்சுக்குவேன். நீ எந்திரிச்சதும் அவரு செருமுறது கேக்கும். வேற யாரு எந்திரிச்சாலும் கேக்கல. நீ எறங்கிட்டா, நான் எங்க போயிக் கேக்கறது?"

ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரிடம், "அப்ப இந்தத் தடவை எதுத்து நிக்க யாரு வருவா? ரெண்டு பேரு ஒக்காந்திருக்கற எடமாச்சே," என்றார்.

கபுரோரோ புகையிலையை எடுத்துக்கொண்டான். எடுக்காமல் என்ன செய்வான்?

போட்டியே இல்லாமல் தேர்வானான். மக்கள் வைத்திருக்கும் அன்பு என்று பத்திரிகைகள் எழுதின. இப்போது அவன் சுருக்கப் பேச்சுக்காரன் இல்லை. கொப்பரை விலை, துறைமுக விளக்கு, அண்டை நாட்டு மன்னருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, எதுவானாலும் எழுந்துவிடுகிறான். எழுந்ததும் உடனே வாய் திறப்பதில்லை. ஒலிவாங்கியைப் பின்பக்கம் லேசாகத் திருப்பிவிட்டு, தலை குனிந்து நிற்கிறான்.

"உறுப்பினர் பேசலாமே?" என்கிறார் சபாநாயகர்.

"கொஞ்சம் இருங்கய்யா," என்கிறான் கபுரோரோ. "இன்னும் முடியல."