மூச்சுக்கும் பிள்ளைக்கும் நடுவில்

முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்து நான் வீடு திரும்பிய அன்று மாமியார் ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தத் தும்மல் மாத்திரைய நீ நிறுத்தவே இல்லியா?" குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டு எனக்குக் கஞ்சி எடுக்க அடுக்களைக்குப் போனார். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தூசி ஆகாது. தும்மலில் தொடங்கி இழுப்பில் போய் நிற்கும். உண்டாகியிருப்பது தெரியாமல் அந்த மாத்திரையைத் தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குள் இறங்கித் தங்கிவிட்டது.

மறுபடி நாள் தள்ளிப்போனதும் மாத்திரையையும் இழுப்புக்கு வைத்திருந்த இன்ஹேலரையும் சேர்த்துக் குப்பையில் போட்டேன். லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பியிருந்த கணவர் போனில், "நல்லது, எதையும் தொடாத" என்றார். டாக்டரிடம் முதல் தடவை போனபோது இழுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொன்னால் மருந்து எழுதுவார், எழுதினால் தின்ன வேண்டிவரும்.

சுசீந்திரத்தில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி வயல். கன்னிப்பூப் போக நெல் அறுப்புக்கு மிஷின் இறங்கியது. சன்னல்களை அடைத்து இடுக்குகளில் ஈரத்துணி செருகினோம். அப்படியும் தூசி உள்ளே வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு தும்முவேன். ஒவ்வொரு தும்மலுக்கும் உள்ளே ஏதோ அறுந்துவிடும்போல் இருக்கும். பிறகு மூக்கு அடைத்தது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்கத் தொடங்கியது. படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தேன்.

மாமியார் வேலியில் நின்ற ஆடாதோடையில் இலை பறித்துக் கஷாயம் வைத்தார். "இலதானே மக்கா, ஒண்ணும் செய்யாது." காலையும் மாலையும் குடித்தேன்.

ஒரு மத்தியானம் அறையிலிருந்து அடுக்களைக்கு வரமுடியவில்லை. நடுவழியில் சுவரைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. ஒரு சொல்லை முழுதாகச் சொல்ல முடியவில்லை. மாமியார் ஆட்டோ கூப்பிட ஓடினார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுவார்கள், இந்தப் பிள்ளையும் போய்விடும். ஏற்றாவிட்டால் நான் போய்விடுவேன். அந்தத் தரையில் உட்கார்ந்து இதைத்தான் மாற்றி மாற்றி நினைத்தேன். மாமியார் என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். "நீ இருந்தாத்தானே மக்கா பிள்ள" என்றார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஆவி மருந்துக்கான மாஸ்க்கைக் கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கிருந்த டாக்டர் என் வயதுக்காரி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "இதுல உள்ள மருந்து பிள்ளையக் கெடுக்காது. நீங்க மூச்சு முட்டிக் கெடக்கறதுதான் கெடுக்கும். உங்களுக்கே கெடைக்காத காத்து அதுக்கு எங்கேருந்து கெடைக்கும்?" மாஸ்க்கை அவரே பிடித்துக்கொண்டார்.

இழுப்பு கொஞ்சம் தணிந்ததும், என்னென்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்.

"மாத்திரையே தொடல்ல டாக்டர்" என்றார் மாமியார். "ஆடாதோடக் கஷாயம் மட்டுந்தான்."

"அதத்தான் குடுத்திருக்கக் கூடாது. அது கர்ப்பப்பையச் சுருங்க வைக்கலாம். இனிமே வேண்டாம்."

என் காலைத் தடவிக்கொண்டிருந்த மாமியாரின் கை அப்படியே நின்றது.

எனக்கு அப்போது ஒன்றுதான் கேட்க இருந்தது. முன்பு தின்ற மாத்திரையின் பெயரைச் சொன்னேன். செட்ரிசின். "அதனாலயா அது போச்சு?"

"இல்ல. அது கர்ப்பிணிகளுக்கு நாங்களே குடுக்கற மருந்து. அந்த மாசத்துல கலையறது பெரும்பாலும் கருவுலேயே இருக்கற கோளாறால. நீங்க ஒண்ணும் செஞ்சதால அது கலையல." மாஸ்க்குக்குள்ளேயே அழுதேன். அழுதால் மறுபடி இழுக்கும் என்று நர்ஸ் அதட்டினார்.

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: இன்ஹேலரை ஒருநாளும் விடக்கூடாது, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும், தும்மல் தாங்காவிட்டால் அவர் எழுதித் தந்த மாத்திரை மட்டும். மூக்கடைப்புக்கு என்று கடையில் விற்கும் கலவை மாத்திரைகளை நானாக வாங்கக் கூடாது. "ஒரு மருந்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மட்டுமில்ல, நிறுத்தறதுக்கு முன்னாடியும் கேளுங்க."

ஸ்கேனில் துடிப்பு இருந்தது. மாமியார் உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இருக்கிறது என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. தன் கையாலேயே பிள்ளைக்குக் கேடு வந்துவிடுமோ என்ற என் பயம் இப்போது அவரையும் பிடித்துக்கொண்டது. வயிற்றில் அசைவு தெரியத் தொடங்கிய பிறகு தினமும் காலையில், "அசைவு உண்டா?" என்று கேட்பார். "உண்டு" என்பேன். பல்கூடத் தேய்க்காமல் அதற்காகக் காத்திருப்பார். அவரை மன்னிக்கவோ கோபிக்கவோ எனக்குத் தெம்பில்லை. இன்ஹேலரை இழுக்கும்போதெல்லாம், டாக்டர் சொன்னது பொய்யாக இருந்தால் என்ற நினைப்பு வரத்தான் செய்தது. ஆனாலும் இழுத்தேன்.

மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை நடந்த வாரத்தில் பெண் பிறந்தாள். நர்ஸ் நீட்டிய பிள்ளையை மாமியார் வாங்கினார். துணியைக் கொஞ்சம் விலக்கி, அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.