மின்கார் பால் குடித்த நாள்

ஸாமின் ஊத் ஊரின் எல்லைக் கதவை நடந்து தாண்ட யாருக்கும் அனுமதி கிடையாது. ஏதாவது ஒரு வண்டியில் உட்கார்ந்துதான் போக வேண்டும், உட்கார்ந்துதான் வர வேண்டும். டோல்கோர் பதினான்கு வருஷமாக அடுத்தவன் ஜீப்பில் உட்கார்ந்து போய் வந்தவள். அந்தப் பக்கம் எரேன் ஊரில் கம்பளிக் காலுறை, வெந்நீர்க் குடுவை, குழந்தைச் சட்டை என்று வாங்கிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே தானும் ஒரு மூட்டையாக ஒடுங்கி, முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு திரும்புவாள். ஜீப்காரன் வைத்ததுதான் சட்டம். அவன் இறங்கு என்றால் இறங்க வேண்டும், அவன் போடும் பாட்டைக் கேட்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இது போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால்தான் எரேனில் பழைய கார் விற்கும் புயனிடம் ஒரு வெள்ளை மின்காரைப் பார்த்து வைத்தாள். ஏழு வருஷம் ஓடியது, கதவில் ஒரு நசுங்கல். ஆனால் அவளால் வாங்க முடிந்த விலை. பதினான்கு வருஷச் சேமிப்பு மொத்தமும் அதில் போயிற்று. இனி தன்னைப் போல நாலு பெண்களை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போய் வருவதாகத் திட்டம். ஜீப்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதிலும் பூரெவ் என்பவன் இருக்கிறானே, அவனுக்கு நாக்கு கொஞ்சம் நீளம்.

"ஏன்க்கா, கைபேசிக்குச் சக்கரம் கட்டி ஓட்டப் போறியாமே? இந்தக் குளிர்ல என் கைபேசியே கோட்டுப் பைக்குள்ள செத்துப் போகுது!"

"உன் ஜீப்பு மட்டும் என்னடா, காலையில கிளம்புறதுக்குள்ள ஊரையே எழுப்புது" என்றாள் டோல்கோர்.

வண்டி எடுக்கும் நாள் வந்தது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு. கணவன் லுவ்சானும் கூட வந்தான். ரயில் தண்டவாளத்தில் வேலை பார்க்கிறவன், அதிகம் பேசாதவன். வண்டியைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புதிதாக ஒரு பொருள் வீட்டுக்கு வந்தால் அதற்குப் பால் தடவி வாழ்த்த வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். கூடாரமானாலும் குதிரையானாலும் தையல் மெஷினானாலும் முதலில் பால், பிறகுதான் மற்றதெல்லாம். ஆகவே ஒரு குடுவை நிறையப் பாலைத் தன் நீள அங்கிக்குள் வயிற்றோடு அணைத்து, சூடு ஆறாமல் கொண்டுவந்திருந்தான்.

டோல்கோர் உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். லுவ்சான் சக்கரங்களுக்குப் பால் தெளித்தான். விளக்குகளுக்குத் தடவினான். பிறகு புயனின் வேலையாளிடம், "இது எங்க சாப்பிடும்?" என்று கேட்டான். அந்த ஆள் விளையாட்டாக வண்டியின் மூக்கில் இருந்த சின்னக் கதவைத் திறந்து, "இதான் அதோட வாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். குதிரைக்குட்டிக்குக் கூட நெற்றியில்தான் தடவுவார்கள். ஆனால் மனைவியின் பதினான்கு வருஷ உழைப்பாயிற்றே, குறை வைக்கலாமா? லுவ்சான் மிச்சமிருந்த பால் முழுவதையும் அந்த வாய்க்குள் ஊற்றி, நல்லா இரு, தூரம் போ என்று மனசார வாழ்த்தி, கதவை மூடினான்.

கால் மணி நேரம் கழித்து புயன் மின்சாரம் ஏற்றும் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மின்கலத்தில் இருந்தது ஒன்பது சதவீதம். சின்னக் கதவு திறக்கவில்லை. தட்டித் தட்டித் திறந்தால் உள்ளே ஓட்டைகள் எல்லாம் அடைத்து வெள்ளை வெளேரென்று பால் பனிக்கட்டி.

"இதுக்குள்ள என்ன?" என்றான் புயன்.

"பால்" என்றான் லுவ்சான், கொஞ்சம் பெருமையாகவே.

புயன் தலையில் கை வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வெளியே வந்த டோல்கோர் கணவனைப் பார்த்த பார்வையில் இன்னொரு குடுவைப் பால் இருந்திருந்தால் அதுவும் உறைந்திருக்கும். புயனின் மனைவி முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தாள். பனி உருகியது. ஆனால் கம்பியைச் செருகினால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. உள்ளே ஈரம். காய ஒரு நாளாவது ஆகும் என்றான் புயன்.

அந்த ஒரு நாள்தான் இல்லை. வண்டியை வெளியே கொண்டுபோகும் காகிதம் அன்று மாலை ஐந்து மணி வரைக்கும்தான் செல்லும். இன்னொரு விதியும் இருந்தது. எல்லையின் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை வண்டி தானாக ஓடிக் கடக்க வேண்டும். கட்டி இழுத்து வந்தால் அது வண்டி இல்லை, பழைய இரும்பு. இரும்புக்குக் காகிதம் வேறு, அது டோல்கோரிடம் இல்லை. வண்டி திரும்பிப் போய்விடும், பணம் திரும்பி வராது.

"நான் வேணா குதிரையைப் பிடிச்சிட்டு வரவா?" என்றான் லுவ்சான்.

"நீ ஒண்ணும் பிடிக்க வேணாம். வாயை மூடிட்டு ஏறு" என்றாள்.

சூடேற்றியை அணைத்தாள். விளக்கை அணைத்தாள். கண்ணாடிக்குள் பனி படியப் படியச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். எல்லைச் சாலையில் வரிசையின் வால் தெரிந்தபோது ஐந்து சதவீதம். முன்னால் அறுபது வண்டி. நேர் முன்னால் பூரெவின் ஜீப்.

அவன் இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டான். முதலில் சிரிப்பில் குனிந்துவிட்டான். பிறகு ஜீப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து ஆட்டிக் காட்டினான். "கட்டுறேன்க்கா. பழைய இரும்புக்கு நல்ல விலை போகுதாம்."

"அந்தக் கயித்தை உன் நாக்குல கட்டு" என்றாள் டோல்கோர். சொல்லிவிட்டுத் திரையில் இருந்த ஐந்தை மறுபடியும் பார்த்தாள். வரிசை நகரும் ஒவ்வொரு முறையும் வண்டியை எழுப்பினால் கதவு வருமுன்பே எல்லாம் தீர்ந்துவிடும். வரிசையில் நகராமல் நின்றால் பின்னால் இருப்பவர்கள் முந்திவிடுவார்கள். கதவை அடைத்துவிடுவார்கள்.

வரிசை நகர்ந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானில் கை வைத்தபோது வண்டி தானாக முன்னே போயிற்று. திரும்பிப் பார்த்தாள். பின்னால் லுவ்சான் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான். மூச்சு புகையாக வந்தது.

ஆனால் ஒற்றை ஆள் எத்தனை முறை தள்ளுவான்? நான்காவது தடவை அவன் கால் வழுக்கி முட்டி போட்டான். அதைப் பார்த்து பூரெவின் ஜீப்பிலிருந்து செவேல்மா குதித்தாள். டோல்கோரோடு பத்து வருஷம் மூட்டை சுமந்தவள், பனிக்கரடி மாதிரி தோள்.

"அடியேய், எல்லாரும் இறங்குங்கடி! இந்த வண்டி உள்ள போனா நாளைக்கு நாம இதுல கால் நீட்டி உட்காரலாம்!"

இறங்கினார்கள். பூரெவின் ஜீப்பிலிருந்து ஆறு பேர், அடுத்த ஜீப்பிலிருந்து நாலு பேர். உறைந்த ஜீப்பில் ஒடுங்கிக் கிடப்பதைவிடத் தள்ளுவது உடம்புக்கும் சூடு. ஒருத்தி தாளத்தோடு குரல் கொடுத்தாள், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்தார்கள். உலர்ந்த தயிர்க்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டே தள்ளினார்கள். டோல்கோர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது, துடைக்க நேரமில்லை.

"ஏய், அதெல்லாம் என் பயணிங்க!" என்று பூரெவ் கத்தினான்.

"பயணத்துக்குத்தான் காசு குடுத்தோம், உன் பக்கத்துல உட்கார இல்ல" என்றாள் செவேல்மா.

ரயில் பாலத்து ஏற்றத்தில் எல்லாம் நின்றுவிட்டது. பெண்களால் ஏற்ற முடியவில்லை. மணி நாலு பத்து. பூரெவின் ஜீப்புக்கு முன்னால் சாலை காலியாகிவிட்டது. ஆனால் பயணிகள் இல்லாமல் போனால் கதவில் கேள்வி வரும், பட்டியலில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஒருத்தியும் ஏற மாட்டேன் என்கிறாள். அவன் வானத்தைப் பார்த்தான், கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பினான், கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வந்து லுவ்சானுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தான். தள்ளும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தான். வண்டி நின்றுகிடந்த அவன் ஜீப்பையும் கடந்து ஏற்றத்தைத் தாண்டியது; அவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

முதல் கதவு. இங்கிருந்து யாரும் தொடக் கூடாது. பெண்கள் ஜீப்புகளுக்கு ஓடினார்கள், லுவ்சான் உள்ளே ஏறினான். டோல்கோர் பொத்தானை அழுத்தினாள். திரையில் எண்ணே இல்லை, ஒரு ஆமைப் படம் மட்டும் மஞ்சளாக எரிந்தது. வண்டி நகர்ந்தது. ஆமை வேகத்தில்தான், ஆனால் தானாக. பக்கத்தில் லுவ்சான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், மூச்சுவிட்டால் வண்டிக்குப் பாரம் என்பது போல.

மறு கதவில் மஞ்சள் கோடு. இளம் அதிகாரி கையைக் காட்டினான். "எஞ்சினைப் போட்டுட்டு வாங்கக்கா."

"போட்டுத்தான் இருக்கு தம்பி."

"சத்தமே இல்லியே."

"எனக்கும் சேர்த்து பின்னால பூரெவ் சத்தம் போடுறான், கேட்டுக்க."

கோட்டின் மேல் முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரமும் ஏறி இறங்கியது. ஒரு முழம் தாண்டியதும் ஆமை அணைந்தது, திரை அணைந்தது, வண்டி மொத்தமும் அணைந்தது. அதிகாரி குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். நாலு ஐம்பத்திரண்டு. காகிதத்தில் "தானாக ஓடி வந்தது" என்ற கட்டத்தில் முத்திரையைக் குத்தினான். பின்னால் ஜீப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிப்பானை அடித்தன. அதில் அதிகம் அடித்தது பூரெவ்தான், தானே தள்ளிக் கொண்டுவந்த மாதிரி.

லுவ்சான் அவள் கையைப் பிடித்தான். "பால் ஊத்தினது தப்புத்தான்" என்றான்.

"ஊத்தினது தப்பில்ல. இடம்தான் தப்பு" என்றாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அதிகாரி ஆட்களின் பட்டியலை எடுத்தான். டோல்கோர் முகம் அவனுக்கு மனப்பாடம். தலையை நிமிர்த்தாமலே, வழக்கம் போல அவள் பேருக்கு எதிரே "பயணி" என்று எழுதினான்.

டோல்கோர் கண்ணாடியை இறக்கி, பனி படிந்த விரலை அந்த வார்த்தை மேல் வைத்தாள்.

"அடிச்சிட்டு எழுது தம்பி. ஓட்டுநர்."